மேனேஜர் கரு தேடிய கோடை

அந்த மஞ்சள் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் ‘கரு’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார் எங்கள் மேனேஜர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் நான் தட்டச்சு வேலை பார்த்த காலம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு கோடை. வார இதழ் ஒன்று சிறுகதைப் போட்டி அறிவித்திருந்தது. மேனேஜருக்குக் கதை எழுத வரும் என்று அவரைத் தவிர யாரும் நம்பியதில்லை. அவர் கணக்கில் குறை ஒன்றே ஒன்றுதான்: கரு கிடைக்கவில்லை. அது ஏழைகளிடம் நிறைய இருக்கும் என்று முடிவு செய்து, தொழிலாளிகளை ஒவ்வொருவராகத் தம் அறைக்கு அழைக்க ஆரம்பித்தார். “உன் வாழ்க்கையிலயே பெரிய சோகம் எது? தயங்காம சொல்லு” என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்.

சூளை வெக்கையில் வெந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த அறையின் மின்விசிறியும் ஒரு டம்ளர் டீயும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. ஒரே வாரத்தில் எல்லோரும் சோகக்கதை கட்டுவதில் தேறிவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில், “இன்னிக்கு யாருக்குப்பா சோகம்?” என்று கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள். அச்சு வார்க்கும் அண்ணன் ஒருவர், கருவேப்பிலங்குறிச்சிக்காரர், தமக்குப் பார்வையில்லாத தங்கை இருப்பதாகவும், அவள் தடவித் தடவியே துணி தைத்துத் தம்மைப் படிக்க வைத்ததாகவும் சொன்னார். அவருக்குத் தங்கையே கிடையாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் கிடையாது. மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பேக்கிங் பிரிவு அக்கா வந்தார். நல்லூர்ப் பக்கம். டீயைத் தொடவில்லை. சில வருஷங்களுக்கு முன், காய்ச்சலில் கிடந்த மகனைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார். பாதி வழியிலேயே மடியில் உடம்பு சில்லிட்டுவிட்டது.

“கண்டக்டருக்குத் தெரிஞ்சா நடுவழியில எறக்கி வுட்டுருவாருன்னு பயம் சார். பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் அவன்கிட்ட பேசிக்கிட்டே வந்தேன்.”

மேனேஜர் பேனாவால் மேசையைத் தட்டினார். “இதுல திருப்பம் இல்லையேம்மா. வேற ஏதாவது இருக்கா?”

“இல்லைங்க சார். எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்.”

‘உதவாது’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

தங்கை கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. கம்பெனி வளாகத்திலேயே தமக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்து, சால்வையையும் தாமே வாங்கி வந்தார் மேனேஜர். கருவை வாழ்க்கையில்தான் தேட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு ஒரு தையல் மெஷினைக் காட்டி, “இது உன் தங்கச்சிக்கு. நாளைக்கு அழைச்சிட்டு வா” என்றார். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

“அது போயிடுச்சுங்க சார்.”

“எப்படிய்யா?”

அண்ணன் திணறினார். தொழிலாளிகள் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஒன்று வாயில் வந்துவிட்டது. “பஸ்ஸுல... என் தோள்ல சாஞ்சபடியேங்க. கண்டக்டர் எறக்கி வுட்டுருவாருன்னு பேசிக்கிட்டே வந்தேன்.” சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் அக்கா நின்றிருந்தார்.

மேனேஜரின் முகம் மட்டும் மலர்ந்தது. “இதுதான்யா கரு!” என்றார். சில மாதங்களுக்கு முன் அதே சாவைத் தம் அறையிலேயே கேட்டது அவர் நினைவில் இல்லை. எத்தனையோ முட்டாள்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். பொய்க்கு அழுது, மெய்யை மறந்தே போன முட்டாள் இவர் ஒருவர்தான்.

மறுநாள் அந்தச் சாவை அவர் புதுக் கதையாகச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மறுக்கவில்லை, வாக்கியப் பிழைகளை வேறு திருத்திக் கொடுத்தேன். மதியம் அக்கா வந்து வாசலில் நின்றார்.

“ஏம்மா, அதுல செத்துப்போற புள்ளைக்கு என்னா பேரு வச்சிருக்காரு?”

“செல்வின்னு வச்சிருக்காருக்கா.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நானும் கதை எழுதுகிறேன். சிறுகதைக்குக் கரு எப்படிக் கிடைக்கிறது என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அக்காவின் மகனுக்கு என்ன பேர் என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை. அதை மட்டும் சொல்வதில்லை.