அல்லி யாருடைய சுருக்கமும் இல்லை

இன்று மகளுக்கு முதல் வேலைநாள். மல்வேர்னில் ஒரு கோப்பிக் கடை. அவளுக்குச் சொல்லாமலே போய் வரிசையில் நின்றேன்.

கவுன்டருக்குப் பின்னால் மேனேஜர் அவளிடம் பெயர்ப்பட்டியைக் கொடுத்தார். அதில் ஆங்கிலத்தில் 'ஆலி' என்று இருந்தது. "அலிசன் என்ற பெயரின் சுருக்கம்தானே?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் யார் இப்படிக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு வருகிறவள். இன்றும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"இல்லை, முழுப்பெயரே அல்லிதான். தமிழில் அது ஒரு பூ. குளத்தில் இருக்கும், இரவில்தான் விரியும்" என்று நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முன்னால் நின்றவரிடம், "உது என்ர மகள்" என்று அவர் கேட்காமலே சொன்னேன்.

மேனேஜர் எழுத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "இரவில் விரிகிற பூவா? அப்படியென்றால் கடை பூட்டுகிற ஷிப்ட் உனக்குத்தான்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"தாமரை எண்டு வைப்பம் எண்டு நான் அப்பவே சொன்னனான். அது விடியத்தானே பூக்கிறது. பிள்ளைக்குக் காலமை ஷிப்ட் கிடைச்சிருக்கும்" என்றாள்.

உங்கள் வீட்டுப் பூக்களுக்கு எந்த ஷிப்ட்?