அக்காவின் திதி

அக்கா இறந்தது அமெரிக்காவில், திங்கட்கிழமை இரவு. அந்த நேரத்தில் திருப்பதியில் செவ்வாய்க்கிழமை காலை; நான் கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நிமிடம் என்பதை அன்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. அவளோடு வேலை செய்தவர் தொலைபேசியில் திங்கட்கிழமை என்றார். சித்தப்பா அதையே புரோகிதரிடம் சொன்னார். கார்த்திகை மாதம், தேய்பிறை தசமி என்று முடிவானது. முதல் வருடத் திதியை அதன்படி மலையடிவாரத்து அருவியான கபில தீர்த்தத்தில் கொடுத்தோம்.

நாங்கள் எல்லையோர ஊரான நகரியைச் சேர்ந்தவர்கள். விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து அந்தச் சத்தத்திலேயே படித்தவர்கள். திருப்பதியில் இயற்பியல் முடித்ததும் அவளுக்கு அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அம்மாவுக்குக் கோபம்.

"நட்சத்திரம் பாக்க அம்மாம் தூரம் போவணுமா? மாடிக்குப் போனா தெரியாதா?"

"ஊரு பூரா லைட்டு போட்டு வச்சிகினு இன்னாத்த தெரியும்மா?" என்றாள் அக்கா.

போனவள் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கினாள், பாலைவனத்து மலையொன்றின் மேலிருந்த வானாய்வகத்தில் சேர்ந்தாள், அந்த நாட்டுக் குடிமகளும் ஆனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள்தான் அவள் தொழில். ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது வெளிச்சம் மங்கும். அந்த நேரத்தைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். கணக்குப்படி மங்க வேண்டிய நேரம் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்தால், வருடக்கணக்கில் அதைத் தொடர்ந்து பார்ப்பார்களாம். சில சமயம் அங்கே மூன்றாவதாக ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மற்ற இரண்டின் நேரம் பிசகுவதை வைத்துத்தான் அது இருப்பதை அறிய முடியும். அப்படிப்பட்ட மூன்றாவதைத் தேடுவதிலேயே அவள் ஆயுள் போனது.

தேதி விஷயத்தில் எனக்கு இருக்கும் பைத்தியம் அவளுக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் வேலையில் இருந்தபோதே நான் ஊர்க் கோயில் கல்வெட்டுகளின் காலத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன். வானியல்காரர்களின் நாள் நள்ளிரவில் மாறாது, நண்பகலில்தான் மாறும் என்று ஒருமுறை அவள் சொன்னாள். ஓர் இரவின் வேலை இரண்டு தேதியாக உடைந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட பழைய வழக்கமாம். எனக்கு அன்று முழுவதும் அதே நினைப்பு.

லீவில் வந்தாலும் பகலில் தூங்குவாள், மாலையில் எழுவாள். நகரியில் பக்கத்து வீட்டுத் தறி அவளைத் தூங்க விடாது. அதற்காகவே நானும் அம்மாவும் திருப்பதியில் வீடு பார்த்துக் குடிவந்தோம். பின்னறை அவளுடையது.

முதல் திதி கொடுத்த சில வாரங்களில் அம்மா அந்த அறையின் ஜன்னலைக் காலையிலேயே சாத்த ஆரம்பித்தாள். கேஸ் சிலிண்டரை உருட்டி வந்த ஆளிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

"மெதுவாப்பா. பொண்ணு இப்பதான் படுத்துகினு கீது."

டாக்டரிடம் அழைத்துப் போனேன். கிழமை, மாதம், முதலமைச்சர் யார், கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். "என்ன ஸ்கூல்ல சேக்கப் போறியா நைனா?" என்று டாக்டரையே கேட்டாள். அவர் சிரித்துவிட்டு எங்களை அனுப்பிவைத்தார்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் வெயில் கடுமையான ஒரு மத்தியானம், யாருமில்லாத அந்த அறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். போட்டது நான்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்தே உறைத்தது.

அன்று சாயங்காலம் அம்மா சொன்னாள்: "பசியோட கீறாடா. நாம இலை போட்ட அன்னிக்கு அவ வந்து துன்னல. நாளு எங்கனா தப்பிப்போச்சா பாரு. நீதான் பெரிய தேதிக்காரனாச்சே."

பார்த்தேன். நம் ஊர் நேரத்துக்கு மாற்றியதும் பஞ்சாங்கத்தில் அது தசமியாக இல்லை. செவ்வாய் விடியும் முன்பே ஏகாதசி பிறந்துவிட்டிருந்தது. புரோகிதரிடம் போய்ச் சொன்னேன்.

"அமெரிக்கா கேசு எனக்கு டெய்லி வருது சார்," என்றார் தெலுங்கு கலந்த தமிழில். "அங்க ஒரு சந்திரன், இங்க ஒரு சந்திரனா? உயிர் போன நிமிஷம் இங்க இன்னா திதியோ, அதான். ஏகாதசி. புண்ணியாத்மா அண்டி. நேரா மோட்சம்."

நல்ல செய்தி என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கே இரவு, இங்கே பகல் என்பதை அவளுக்கு விளங்கவைக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடம் நேரம் பார்த்து அமெரிக்காவுக்குப் போன் பண்ணியவள். முழுவதும் கேட்டாள்.

"ஏகாதசின்னா நேரா போயிடுவாங்களாமா?"

"அப்படித்தான் சொல்றாரு."

கை நின்றது. "அப்ப உள்ள படுத்துகினு கீறது யாருடா?"

திரும்பிப் பார்த்தேன். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"சரியான நாள்ல சோறு போட்டா," என்று கேட்டாள், "துன்னுட்டு போயிடுவா இல்ல?"

"போகத்தானே திதி கொடுக்கறது?"

"ஒருவாட்டி போனவள இட்டாந்து வூட்ல வச்சிகினு கீறேன். மறுபடி நானே அனுப்பணுமா?"

"பசின்னு நீதானே சொன்ன?"

"பசிச்சா என்னாண்ட கேப்பா. நான் ஆக்கிப் போட்டுக்கறேன். நீ வாய மூடிகினு இரு."

அடுத்த கார்த்திகை வந்தது. தசமியன்று காலை கபில தீர்த்தத்தில் தண்ணீர் மெலிதாக விழுந்துகொண்டிருந்தது. புரோகிதர் ஊருக்குப் போயிருந்ததால் அவருடைய தம்பி வந்திருந்தார். எங்கள் விவரம் எதுவும் அவருக்குத் தெரியாது. தர்ப்பையை என் விரலில் மாட்டிவிட்டு, "திதி ஏமி சார்?" என்று கேட்டார்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"தசமி" என்றேன்.

பிண்டத்தைக் கரைத்து முடித்ததும் அவள் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஈரப் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக இறங்கினாள்.

"ஆட்டோவ கூப்புடு. கதவ வெளிய பூட்டிகினு வந்துட்டோம்."