பெருவிரலுக்காக வாங்கிய சொசேஜ்

என் கணவர் நல்லரத்தினத்தை அமைதியான மனிதர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமைதிதான். பிடித்த பிடியை விடாமல் அமைதியாக இருப்பார். பக்கத்தில் இருக்கிற நான்தான் கத்திக் கத்தித் தொண்டை வற்ற வேண்டும்.

பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டு முன்னறையில் அவருடைய தையல் மெசின் இருந்தது. காலால் மிதிக்கிற பழைய மெசின். ஊரில் கல்யாண மாப்பிள்ளைக்குச் சேட்டு என்றால் அவர் தைத்ததாகத்தான் இருக்கும். கொலர் வைப்பதில் அவருக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. உள்பக்கம் இரண்டு முறை ஓட்டுவார். எத்தனை சேட்டு நடுவில் கிடந்தாலும் தன்னுடையதை அவர் எடுத்துவிடுவார்.

இரண்டாயிரத்து ஏழில், வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைச் சனமெல்லாம் ஷெல்லுக்குப் பயந்து இந்தக் கரைக்கு ஓடிவந்துகொண்டிருந்த நேரம், மெசினடியில் விழுந்து கிடந்த ஊசி அவருடைய வலது கால் பெருவிரலில் ஏறிவிட்டது. செருப்புப் போட்டு மெசின் மிதியுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கேட்டால்தானே. புண் ஆறவில்லை, கறுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனால், இரத்தத்தில் சீனி ஏறிக் கிடக்கிறது என்றார்கள்.

“சீனி இறங்காட்டி விரல எடுக்க வேண்டி வரும் அம்மா,” என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். “சோறு ஒரு கைதான். புட்டு, இடியப்பம், பாண் வேண்டாம். மீன், முட்டை, இறைச்சி, கீரை குடுங்க. உங்கட ஊரில மீனுக்கு என்ன குறை?”

குறையே இல்லை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. நாங்கள் அதை ஆறு என்போம். இரண்டுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு மீனைத் தொடாத ஒரே மனிதர் என் கணவர்.

காரணம் இல்லாமல் இல்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளின் சவங்கள் ஆற்றில் மிதந்தன. அப்போது ஊரே மீனை விட்டது. பிறகு பசி வந்தது, ஊர் பழையபடி தின்னத் தொடங்கியது. இவர் தொடங்கவில்லை. பாலத்தடியில் ஒதுங்கிய ஒரு உடம்பை அடையாளம் சொன்னவர் இவர்தான். பார்ப்பதற்கு முகம் இருக்கவில்லை, மீன் தின்றுவிட்டிருந்தது. இவர் குனிந்து கொலரைத் திருப்பிப் பார்த்தார். “இது நான் தச்ச சேட்டு. ஆச்சிப்பிள்ளையக்காட மகன் யோகன்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவர், அடுத்த நாள் மீன்சட்டியைக் கொண்டுபோய் வெளியே வை என்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவளே அந்த ஆச்சிப்பிள்ளைதான். புருஷனும் இல்லாமல் மற்றப் பிள்ளைகளை அவள் மீன்பெட்டியை வைத்துத்தான் வளர்த்தாள். வாசல் படலையில் வந்து நின்று கூப்பிடும் போதெல்லாம், “அவருக்குத் தோல் கடிச்சுச் சொறியும், மீன் ஒத்துக்கொள்ளாது அக்கா,” என்று நான் பொய் சொல்வேன். பாவம், கடிக்குப் பூச என்று இலைகூடப் பிடுங்கித் தந்திருக்கிறாள். வாங்கி வைத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

மீன் போன இடத்துக்குச் சோறு வந்தது. கோப்பை நிறையச் சோறும் அதன் மேல் பருப்புமாக வருடக்கணக்கில் தின்றார். இப்போது சோறும் கூடாது என்றால் மனிதருக்கு எதைக் கொடுப்பது? முட்டை மணம் வயிற்றைப் பிரட்டுகிறதாம். மாட்டிறைச்சி எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாது. கோழியோ தீபாவளிக்கே யோசித்து வாங்குகிற விலை. ஒருநாள், கட்டாரில் இருந்து லீவில் வந்த என் தங்கை மகன் கோழி இறைச்சியை அரைத்துக் குழாயாக அடைத்த சொசேஜ் நான்கு பொரித்துக் கொண்டுவந்தான். இவர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணும் இல்ல, முள்ளும் இல்ல. எதைத் தின்னுறம் எண்டே தெரியாது,” என்று சொல்லி நான்கையும் தின்றார். முழுக்கோழி விலையும் இல்லை, எனக்குச் சாமி வரம் தந்தது போலிருந்தது.

அன்றிலிருந்து என் பாடு தொடங்கியது. கல்முனையில் பதியுதீன் என்பவரின் கடையில் குளிர்ப்பெட்டி இருந்தது. நான் போய்க் கொழுத்ததாக, சிவந்ததாகப் பார்த்து வாங்கினேன். சட்டியில் போட்டால் பொங்கிப் பெரிதாகும். கொடுத்த காசுக்கு நிறைய வருகிறது என்று பெருமைவேறு எனக்கு. சோற்றை நிறுத்திக் காலையும் இரவும் அதையே கொடுத்தேன். அடுத்த கிளினிக்கில் சீனி முந்தியதைவிட ஏறி நின்றது.

“சோறு கண்ணிலயும் காட்டல்ல டொக்டர்,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெற்றுப் பைக்கற்றைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பொடி எழுத்தை அவர் வாசித்தார். பாதி மா. மாவும் தண்ணீரும் சாயமும் பேருக்குக் கோழியும். “இதுக்குப் புட்டே குடுத்திருக்கலாம். இறைச்சி கூட இருக்கிறதாப் பாத்து வாங்குங்க. அடுத்த முறையும் இப்பிடி எண்டா விரல் இல்ல,” என்றார். என் கணவர் பக்கத்தில் இருந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ வேறு யாருடைய விரலோ என்பது போல.

நான் பதியுதீனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் கோபிக்கவில்லை.

“அக்கா, நீங்கதானே பெரிசு கேட்ட,” என்றார். “நல்ல சாமான் பொங்காது, சுருங்கும். அமத்தினா இறுக்கமா இருக்கும். இவ்வளவு சிவப்பாவும் இராது.”

“அப்ப அதத் தாங்க.”

“எங்க தாற? கொழும்பு லொறி வழியெல்லாம் நிண்டு நிண்டு வருது. ஐஸ் கரைஞ்சு போகுது. இஞ்ச வந்தா கரண்ட் இல்ல.”

உண்மைதான். ஒருமுறை நல்ல சொசேஜ் வந்தது. பைக்கற்றுக்குள் ஐஸ் கட்டி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. உருகி மறுபடி உறைந்த சாமான், நோயாளிக்கு வேண்டாம் என்று பதியுதீனே திருப்பி வைத்துவிட்டார். அடுத்த முறை போனால் ஊரடங்கு. அதற்கடுத்த முறை கடை பூட்டு, ஹர்த்தாலாம். புண் பிடித்த ஒரு விரலுக்காக நான் அந்த றோட்டில் பஸ்ஸுக்கு நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்தால் மனிதர் கறுத்த விரலோடு மெசின் மிதித்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒருநாள் கிடைத்தது. இறுக்கமானது, மங்கிய நிறம், ஐஸ் கட்டாதது. கடதாசியில் சுற்றி, பையில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாலத்துச் செக்பொயின்றில் எல்லோரையும் இறக்கினார்கள். அந்த நாட்களில் பாண் ரொட்டியையும் வெட்டிப் பார்ப்பார்கள், கேக்கையும் வெட்டிப் பார்ப்பார்கள். என் மாச் சொசேஜையும் முன்பு அப்படி வெட்டியிருக்கிறார்கள். உள்ளே ரப்பர் மாதிரி வழவழவென்று வெள்ளையாக இருந்ததை அப்போது நானே கண்டேன். கண்டும் என் மரமண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு நின்ற சிப்பாயும் ஒவ்வொன்றாக நடுவில் வெட்டினான். உள்ளே இறைச்சி நார்நாராகத் தெரிந்தது. நல்ல சாமான்தான். ஆனால் மண்மூட்டைக்குப் பக்கத்தில், இலையான் மொய்க்கிற பலகையில் கிடந்தது. மணலோடு சேர்த்து அள்ளிப் பையில் போட்டேன்.

எனக்குப் பின்னால் வெறும் மீன்பெட்டியோடு ஆச்சிப்பிள்ளை நின்றாள்.

“என்னகா சின்னத்தங்கம் இது? மீன் ஒத்துக்கொள்ளாட்டி அதுக்கு இந்தக் குழாயயா தின்னக் குடுக்கிறாய்?” என்றாள்.

என் வாய் என் சொல் கேட்கவில்லை. “கடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல அக்கா. உங்கட யோகன அந்தக் கோலத்தில கண்ட நாளில இருந்து அவர் மீன் தின்னுறல்ல. இப்ப விரல் போகப் போகுது. உங்களிட்டப் பொய் சொல்லிச் சொல்லி நான் களைச்சிட்டன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தால் நடந்து போனாள்.

அடுத்த நாள் காலை அவள் படலையில் நிற்கவில்லை. நேரே முன்னறைக்குள் வந்தாள். கையில் சட்டி, உள்ளே திரளி மீன் கறி. மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, இரண்டு கோப்பை கொண்டுவா என்று எனக்குச் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“தம்பி, என்ர புள்ளய எனக்குத் தந்தது நீ. நீ கொலரப் பாத்துச் சொல்லாட்டி நான் இண்டைக்கும் அவனத் தேடி ஆமிக் கேம்ப் கேம்பாத் திரிஞ்சிருப்பன். எத்தன தாய்மார் இப்பவும் திரியுறாங்க. நான் அவன எடுத்து மண்ணில வெச்சிட்டன். அவன் ஆத்தில இல்ல.”

அவர் மிதியில் இருந்து காலை எடுத்தார்.

“எத்தன மாரிக்கு ஆத்துவாய் வெட்டி வெள்ளத்தக் கடலுக்கு விட்டாச்சு. அந்தத் தண்ணி எப்பவோ போயிட்டு. பெத்தவள் நான் தின்னுறன். அண்டைக்குத் தின்னாட்டி மத்தப் புள்ளைகள ஆரு பாத்திருப்பாங்க? நீ ஏன்டா பட்டினி கிடக்கிறாய்?”

அவர் சட்டிக்குள் பார்த்தார். மீனின் தலை அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆச்சிப்பிள்ளை அதைக் கண்டுகொண்டாள். தலையைப் பிய்த்துத் தன் கோப்பையில் வைத்தாள். முள்ளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து, வெறும் சதையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அழுதுகொண்டே தின்றார். பாதியில் நிறுத்தி, “உப்புக் காணாது அக்கா,” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம் நான் எத்தனை விதமாகச் சொன்னேன். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று நானும் அழுதேன்.

விரல் தப்பியது. நகம் மட்டும் போனது. புண் ஆற மாரி வந்துவிட்டது. ஆச்சிப்பிள்ளை அதன் பிறகும் ஒவ்வொரு காலையும் எங்கள் படலைக்கு வந்தாள். மீனை எடுத்து என்னிடம் தருமுன் தலையை வெட்டித் தன் பெட்டியில் போட்டுக்கொள்வாள்.