பூஜையில் வைத்த கொள்ளைக் கப்பல்

சரஸ்வதி பூஜை அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று முதன்முதலில் சட்டம் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. நிச்சயமாக அவரும் கணக்கு வராத பிள்ளையாகத்தான் இருந்திருப்பார். வருஷம் முழுக்கப் படி படி என்று உயிரை வாங்குகிற அப்பா, அன்று ஒருநாள் மட்டும் நான் காலண்டரை ஏறிட்டுப் பார்த்தால்கூட எழுத்தை வாசிக்காதே என்று முறைப்பார். எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் தீபாவளிக்கு அடுத்தபடியாக நான் காத்திருந்த நாள் அதுதான். ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் மட்டும் அது எனக்கு நரகமாகப் போயிற்று. காரணம் ஒரு கொள்ளைக் கப்பல்.

அந்தக் கப்பலை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நூலகத்திலிருந்து பொது அறிவுப் புத்தகம் எடுத்து வருவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, கதைப் புத்தகமாக எடுத்து வந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அதில் ஒன்றை ஒருநாள் என்னிடம் தள்ளிவிட்டார். நூலகத்தில் சிவப்பு ரெக்சின் அட்டை போட்டுத் தைத்த புத்தகம். முதல் சில பக்கங்களைக் காணோம். அதனால் கதையின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. கதை எடுத்த எடுப்பில் ஒரு புயலில் ஆரம்பித்தது.

கடல் என்றால் எனக்கு அதுவரை திருச்செந்தூர்தான். மொட்டை போட்டுவிட்டுக் குளிக்கிற இடம். அங்கே கறுப்புக் கொடி கட்டிக்கொண்டு கொள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று வீட்டில் ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லை. எத்தனை தடவை போய் வந்திருக்கிறோம்! மூக்கு நுனி அறுந்துபோன ஒரு கொள்ளைத் தலைவன். அவன் கப்பலில் எடுபிடி வேலைக்கு அகப்பட்டுக்கொண்ட ஒரு அநாதைப் பையன். புதையல் இருக்கும் தீவுக்கு வழி அந்தப் பையனுக்கு மட்டும்தான் தெரியும். கொள்ளைக்காரர்கள் எல்லோரும் சுத்தமான செந்தமிழ் பேசினார்கள். கழுத்தை அறுப்பதற்கு முன்னால்கூட "அற்பப் பதரே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அறுத்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. புரியாத வார்த்தைகளுக்கு மாமாவைக் கேட்பேன். ரம் என்றால் என்ன மாமா என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, நன்னாரி சர்பத் மாதிரி ஒன்று என்றார்.

அப்பாவுக்குக் கதைப் புத்தகம் ஆகாது. அதைப் படிக்கிறவன் உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை என்பார். சேரன்மகாதேவியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் அவருக்கு வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவார். டிக்கெட்டை நீளவாக்கில் மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் சொருகிக்கொண்டு, ஜன்னலோரமாக நிமிர்ந்து உட்கார்ந்து போகிற மனிதர். பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அதனால் கப்பலை என் அறிவியல் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தேன். நான் ஒரு வாரமாக அறிவியலைக் கீழே வைக்காமல் படிப்பதைப் பார்த்து அப்பா பூரித்துப் போனார். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூஜை அன்று காலையில் கதை உச்சத்தில் நின்றது. பையன் வழியைச் சொல்ல மறுத்துவிட்டான். தலைவன் அவனைப் பாய்மரத்தில் கட்டிவைத்து, விடிந்ததும் வந்து கேட்பேன், அப்போதும் வாய் திறக்காவிட்டால் சுறாவுக்குப் போட்டுவிடுவேன் என்று கத்தியைத் தீட்டப் போனான். நான் பக்கத்தைத் திருப்பவும் அப்பா வரவும் சரியாக இருந்தது. பூஜைக்கு நேரமாச்சு என்று கையிலிருந்த அறிவியல் புத்தகத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே கப்பலும் போயிற்று.

பெரியப்பாவும் பெரியம்மாவும் நாங்குநேரியிலிருந்து வந்திருந்தார்கள். பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அப்பா தலை நரைத்த பிறகும் அவர் முன்னால் உட்கார்ந்து பேச மாட்டார். அப்பேர்ப்பட்டவர் சந்தனத்தைக் குழைத்து, என் அறிவியல் புத்தகத்தை அடுக்கின் உச்சியில் வைத்து, பொட்டு வைத்து, பட்டுத்துணியைப் போர்த்தினார். அரிவாள்மனைக்குப் பொட்டு, தையல் மெஷினுக்குப் பொட்டு, மூக்கறுந்த கொள்ளைத் தலைவனுக்கும் பொட்டு. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அன்று முழுவதும் அந்தப் பையன் பட்டுத்துணிக்குக் கீழே கட்டுண்டு நின்றான். எனக்குச் சுண்டல் பிடிக்கவில்லை, பொரி பிடிக்கவில்லை. பூஜை அறைப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு என்னா பக்தி என்று பெரியம்மா மெச்சினாள். மாமாவைப் போய்ப் பிடித்தேன். அவன் பிழைத்தானா இல்லையா, அதை மட்டுமாவது சொல்லுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். மாமா என் பங்குச் சுண்டலையும் வாங்கித் தின்றுவிட்டு, இன்றைக்குக் கதை சொன்னாலும் படித்த கணக்குத்தான், சரஸ்வதிக்குக் கோபம் வரும் என்று கையைத் துடைத்துக்கொண்டார். அவர் அந்தப் புத்தகத்தைப் பாதிகூடப் படித்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் குளித்துவிட்டு வந்து மறுபூஜை முடிந்ததும், பிள்ளைகள் அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பெரியவர்கள் முன்னால் நாலு வரி வாசிக்க வேண்டும். அப்போதுதான் வருஷம் முழுக்கப் படிப்பு ஏறும் என்பது வீட்டு வழக்கம். தமிழ்ப் புத்தகத்தை எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் அப்பா பெருமை தாங்காமல் உச்சியிலிருந்ததை எடுத்து என் கையில் திணித்தார்.

"சயின்ஸ்ல புலியாக்கும், அண்ணாச்சி. கேளுங்க."

புத்தகத்தை விரித்தேன். சந்தன வாசனையோடு கப்பல் வந்து நின்றது. மூடியிருக்கலாம். தெரிந்த அறிவியல் பாடத்திலிருந்து நாலு வரியை ஒப்பித்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் கண் அந்த வரியில் விழுந்துவிட்டது. ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள் நான். ஏற்ற இறக்கத்தோடு சத்தமாகவே ஆரம்பித்தேன்.

"விடிந்தது. 'ரம் பீப்பாயை உருட்டி வாருங்கள்! ஆமையை நெருப்பில் வாட்டுங்கள்! இந்தப் பொடியன் சாவதைப் பார்த்துக்கொண்டே பசியாறுவோம்' என்று தலைவன் கர்ஜித்தான்."

வெங்காயம்கூடச் சேர்க்காத விசேஷ நாள். அம்மா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றாள். பெரியம்மா சிவ சிவா என்று காதைப் பொத்திக்கொண்டாள். அவள் எதற்குப் பயந்தாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ரம்முக்காக இருக்கும் என்று நினைத்து, படிப்பதை நிறுத்தி விளக்கம் கொடுத்தேன்.

"ரம்முன்னா சர்பத்து, பெரியம்மா. மாமாதான் சொன்னாவ."

மாமா பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான் விட்ட இடத்தில் பிடித்தேன். ஆமை வெந்தது, கொள்ளைக்காரர்கள் குடித்துக் கூத்தாடினார்கள், பையன் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான், ஓடினான், கப்பல் விளிம்பில் ஏறினான், கடலில் குதித்தான். அந்த வரியோடு பக்கம் முடிந்தது. திருப்பப் போனேன். அப்பாவின் கை புத்தகத்தின் மேல் விழுந்தது.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏலே, ஆமைப் பாடம் எந்த வகுப்புலே வருது?" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. கதைப் புத்தகத்தைத் தன் ஆபீஸ் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். ஆபீஸில் வைத்துப் பூட்டப் போவதாகவும், நூலகத்துக்கு அவரே திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் அம்மாவிடம் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா மானம் போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து அம்மா தேற்றினாள். நான் அழுதது அந்தப் பையனுக்காக. நடுக்கடலில் குதித்தவனை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் இட்லி சாப்பிடப் போனார்கள்.

அந்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது. வருஷக்கணக்காக ஒரே பஸ்ஸில் போகிற அப்பா, சேரன்மகாதேவியில் இறங்காமல் வீரவநல்லூர் வரைக்கும் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் ஆபீஸில் அரைநாள் லீவு போட வேண்டியதாயிற்று. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை என்று முதலில் சொன்னார். பிறகு அம்மா துருவித் துருவிக் கேட்க, லேசாகக் கண் அசந்துவிட்டது என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பூஜையில் வைத்த புத்தகத்தைப் பிடுங்கினால் சரஸ்வதி சும்மா விடுவாளா என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா என்னை எழுப்பினார். துண்டை எடுத்துக்கொள், நீச்சல் படிக்கப் போகிறோம் என்றார். ஆற்றங்கரை ஊரில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாமல் இருப்பது கேவலமாம். அதுவரை ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கினாலே கத்துகிறவர் அவர். இது தண்டனையின் அடுத்த பாகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் சிரித்தார்.

"சார், இன்னைக்காவது சேர்மாதேவியில இறங்குவியளா?"

அப்பா டிக்கெட்டை மடித்துக் கடிகாரப் பட்டைக்குள் சொருகினார்.

சேரன்மகாதேவி படித்துறையில் தண்ணீர் என் நெஞ்சளவு ஓடியது. இடுப்பில் துண்டைக் கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு அப்பா என்னை இறக்கினார். மூக்கிலும் வாயிலுமாகப் பாதித் தாமிரபரணியைக் குடித்தேன். கதறினேன். இனிமேல் கதைப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. படிக்கட்டு எங்கே, படிக்கட்டு எங்கே என்று நான் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன். அப்போது அப்பா குனிந்து, என் காதருகே, அதட்டாமல் சொன்னார்.

"ஏட்டி, கரையைப் பாக்காத. அடுத்த கையை மட்டும் பாரு. ஒரு கை, அப்புறம் ஒரு கை. கரை தானா வரும்."

அப்படியே செய்தேன். எப்போது துண்டை விட்டார் என்று தெரியாது. படிக்கட்டு வந்து கையில் இடித்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் சாயங்காலம் சிவப்புப் புத்தகம் மாமாவின் கட்டிலில் கிடந்தது. நூலகத்துக்குப் போக எனக்கு நேரமில்லை மாப்ளே, நீயே கொடுத்துரு என்றாராம் அப்பா. எப்போது என்று அவர் சொல்லாததால், மாமா அதை என்னிடம் நீட்டினார். மொட்டைமாடிக்கு ஓடினேன். கடைசி அத்தியாயத்தில் நீளவாக்கில் மடித்த ஒரு பஸ் டிக்கெட் கிடந்தது. நூலகப் புத்தகத்தில் குப்பை போடுகிற ஜனங்களை மனதுக்குள் திட்டிவிட்டு அதை ஊதிப் பறக்கவிட்டேன்.

பையன் பிழைத்துக்கொண்டான். நீந்தியே தீவுக்குப் போய்ச் சேர்ந்தான். ஆனால் அதற்கு முந்தின பக்கத்தில் நான் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். அலையில் கை ஓய்ந்துபோகும்போது அந்தப் பையன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்: "கரையைப் பாராதே, அடுத்த கைவீச்சை மட்டும் பார்."

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று கீழே ஓடினேன். பிடிபடுவோம் என்ற பயம்கூட வரவில்லை. அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"அப்பா, நீங்க ஆத்துல சொன்னதை இந்த ஆளு அப்படியே காப்பி அடிச்சிருக்கான், பாருங்க!"

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தாள் லேசாக ஆடியது. கோபத்தில் ஆடுகிறது என்று நினைத்தேன். என்ன இருந்தாலும் அவர் சொன்ன வார்த்தையல்லவா, இன்னொருத்தன் தன்னுடையதென்று புத்தகத்தில் போட்டுக்கொண்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தக் கதாசிரியரை எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தைகளாலும் திட்டித் தீர்த்தேன்.