கதவில் முளைத்த விதைநெல்

எங்கள் வீட்டுச் சமையலறையை எங்கள் அப்பா ரொம்ப நாள்வரை பார்த்ததே இல்லை. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, உண்மைதான். அவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் குடும்பமே ஓடியது. அதை மிச்சம் பிடித்து அம்மா கட்டிய சமையலறை அது. மேடைக்குக் கீழே நான்கு பிளைவுட் கதவுகள், அவற்றின் மேல் பளபளவென்று பச்சை மைக்கா. அப்பா அதைப் போனில் படமாகத்தான் பார்த்திருந்தார். நேரில் வந்து பார்க்கிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஒருவழியாக அவர் வரும் தேதி தெரிந்தது. அதற்குள் வாய்க்கால் உடைந்து, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்தபோது நான்கு கதவுகளிலும் மைக்கா அடியிலிருந்து உரிந்து, காய்ந்த வாழைச்சருகு மாதிரி சுருண்டிருந்தது. ஊரெல்லாம் இதே கதி. ஆசாரி பொங்கல் கழித்துத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்.

"அந்த மனுஷன் ஒரு தடவையாவது இதை நல்லபடியா பார்க்க வேண்டாமா?" என்றாள் அம்மா.

கதவுகளைத் தானே கழற்றினாள். வெயில் தலைகாட்டிய போதெல்லாம் வாசலில் காயவைத்தாள். பழைய பசையைத் தோசைக்கரண்டியால் சுரண்டினாள். மன்னார்குடியிலிருந்து ஒரு டப்பா பசை வாங்கிவந்து, தடவி, மைக்காவைத் துணியால் அழுத்தி ஒட்டினாள். இரண்டு நாள் அசையாமல் கனம் ஏற்றி வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு கதவின் மேல் அம்மிக்கல், ஒன்றின் மேல் அரிசி மூட்டை, ஒன்றின் மேல் இரும்புப் பெட்டி. நான்காவதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"கனமா எதையாவது தூக்கி வைடா" என்று சொல்லிவிட்டு அம்மா மாட்டைப் பிடித்துக் கட்டப் போனாள்.

கொல்லையில் மாமாவின் விதைநெல் இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. நட்ட பயிர் தண்ணீரில் அழுகிப்போனதால், மறுபடி விதைக்க நெல்லை ஊறவைத்து, நான்கு அரைச்சாக்குகளில் கட்டி முளைக்க வைத்திருந்தார். ஊறின நெல்தான் கனம் அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஒரு சாக்கை இழுத்துவந்து கதவின் மேல் ஏற்றி, பழைய சேலையால் மூடினேன். மற்ற மூன்று கதவுகளையும் அம்மா மூடித்தான் வைத்திருந்தாள். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, ஒரு சாக்கைக் காணாமல் மாமா வீட்டுக்குள் தேடி வந்தார். சேலையை விலக்கினார். சாக்கைத் தூக்கினால் கதவும் கூடவே எழும்பியது. வெள்ளை வேர்கள் சாக்கைத் துளைத்து, மைக்காவின் ஓரத்துக்குள் நுழைந்திருந்தன. பிளைவுட் ரொட்டி மாதிரி உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. வழிந்த ஈரம் பக்கத்துக் கதவையும் கெடுத்திருந்தது.

"மாப்ள, கதவுல நாத்து விட்டிருக்கியேடா!" என்று மாமா சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "நாளைக்கு வந்துடுவாரே" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா வந்தார். பெட்டியை வைத்தவர் நேரே சமையலறைக்குத்தான் போனார். இரண்டு கதவு பளபளவென்று இருந்தது. இரண்டு இடம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"நான்தாங்க சரியா ஒட்டலை" என்றாள் அம்மா.

அப்பா குனிந்து, சுவரில் சாய்த்திருந்த உப்பிய கதவைத் தடவிப் பார்த்தார். "விடு. இனிமே நானே செஞ்சிக்கிறேன்" என்றார்.

"இருக்கிற முப்பது நாள்ல உங்களுக்கு இதுதான் வேலையா?"

"முப்பது நாள் இல்ல. கம்பெனியை மூடிட்டாங்க. திரும்பப் போகலை."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா இனி வீட்டிலேயே இருப்பார், கதவையும் சரிசெய்துவிடுவார், என் குற்றமும் மறைந்துவிடும். வயலுக்கு ஓடினேன். மாமா சேற்றில் நின்று விதைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா! அப்பா இனிமே திரும்பிப் போகமாட்டாராம்!" என்று வரப்பிலிருந்து கத்தினேன்.

வீச ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு கையிலிருந்த முளைநெல்லைக் கூடைக்குள்ளேயே போட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் பின்னாலேயே ஓடி, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன்.