லாட்ஜில் ஓர் இன்டர்வியூ, எழுமலை ரோட்டில் ஒரு வீடு

2001 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. காலை 6.10 மணிக்குப் பேரையூரில் மதுரை பஸ் ஏறினேன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் பதினோரு ரூபாய். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் பி.காம். சான்றிதழ், டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழ், நான்கு நாள் முன்பு தபாலில் வந்த இன்டர்வியூ கடிதம்.

அந்தக் கடிதத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பெண்கள் மட்டும் தேவை, தங்குமிடம் இலவசம்" என்று செய்தித்தாளில் வந்த நாலு வரி விளம்பரத்துக்கு நான் எழுதிப் போட்டதற்கு வந்த பதில் அது. மேலே கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது. கீழே கதவு எண் இல்லை, தெரு இல்லை, ஒரு தபால் பெட்டி எண் மட்டும். என்ன வேலை என்றும் எழுதவில்லை. டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜ், அறை எண் 14, காலை பத்து மணி, ஒரிஜினல் சான்றிதழ்களுடன் வரவும் என்று இருந்தது. அப்பா சைக்கிள் கடை வைத்திருப்பவர். கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, லாட்ஜ் பெயரையும் போன் நம்பரையும் கடைக் காலண்டரில் குறித்துக்கொண்டார். "கம்பெனிக்காரன் ஆபீஸ்ல கூப்பிடாம லாட்ஜுல எதுக்குக் கூப்பிடுறான்?" என்று மட்டும் கேட்டார். மதுரையில் கிளை இப்போதுதான் திறக்கிறார்களாக்கும் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிச் சமாதானம் செய்தேன். படிப்பு முடிந்து இரண்டு வருடம் வீட்டிலிருந்தவளுக்கு எந்தக் காரணமும் நல்ல காரணமாகவே தெரியும்.

டி.கல்லுப்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். பறித்து முடிந்த பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்கிய காட்டில் காற்று மண்ணை வாரி ஜன்னலுக்குள் போட்டது. திருமங்கலம் ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றோம். திருநகர் வந்தபோது கைப்பையும் டிபன் பாக்ஸுமாக நாலைந்து பெண்கள் ஏறினார்கள். வேலைக்குப் போகிறவர்கள். கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டும், சனிக்கிழமை லீவைப் பற்றிப் பேசிக்கொண்டும் வந்தார்கள். அடுத்த மாதம் நானும் இப்படி ஒரு பஸ்ஸில் அலுத்துக்கொண்டு வருவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

8.20. பெரியார் பஸ் நிலையம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

லாட்ஜின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஒரு மர பெஞ்ச் போட்டிருந்தது. அதில் ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தாவணி, தலையில் கனகாம்பரம், பத்தொன்பது வயதிருக்கும். அவளைப் பேச்சி என்று சொல்கிறேன். உண்மைப் பெயர் அது இல்லை. உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற ரோட்டில் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்தவள். கையில் விண்ணப்பப் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். படிவம் இங்கிலீஷில் இருந்தது.

"அக்கா, இதை எழுதித் தருவீங்களா? என் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்றாள்.

வாங்கி எழுதினேன். அப்பா பெயர், ஊர், தாலுகா, பின்கோடு எல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அதனால்தான் பின்னால் அவள் வீட்டை என்னால் கண்டுபிடிக்க முடிந்தது.

"பயமா இருக்குக்கா. லாட்ஜுன்னதும் திரும்பிப் போயிரலாமான்னு பாத்தேன். நீங்க வந்ததுந்தான் மூச்சு வந்துச்சு. கம்பெனி நல்ல கம்பெனியாக்கா?"

"நல்ல கம்பெனிதான் போல. பயப்படாத" என்றேன்.

அந்தக் கம்பெனியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். வயதில் மூத்தவள், பட்டம் படித்தவள் என்ற தோரணையில் வாயில் வந்ததைச் சொன்னேன். இதை எழுதும்போதும் அந்த வாக்கியம்தான் உறுத்துகிறது.

10.15. பெயர் சொல்லி மேலே கூப்பிட்டார்கள். எங்களோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அறை 14இல் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் சஃபாரி சூட் போட்ட ஒருவர். ஓரமாக, நல்ல காட்டன் சேலை கட்டிய ஒரு பெண்மணி. எல்லோரும் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று சஃபாரிக்காரரே சொன்னார்.

டைப்ரைட்டிங் வேகம் என்ன என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க வந்தது வீட்ல தெரியுமா?" இதுதான் முதல் கேள்வி.

"தெரியும் சார். லாட்ஜ் பேரும் போன் நம்பரும் அப்பா குறிச்சு வச்சிருக்காரு."

அவர் மேடத்தைப் பார்த்தார். என் படிவத்தை மேஜையின் இடது ஓரத்தில் வைத்தார். அடுத்தது பேச்சி. அதே கேள்வி.

"ஃப்ரெண்டு கல்யாணம்னு சொல்லிட்டு வந்தேன் சார். வேலைக்குன்னா விட மாட்டாங்க."

"பரவால்லம்மா, சம்பளம் கையில வந்தா அவங்களே சந்தோஷப்படுவாங்க" என்று சிரித்தார். அவளுடைய படிவம் வலது ஓரத்துக்குப் போனது. வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு, வீட்டுக்குத் தெரியாமல் வந்தவள் எப்படி ஒரு படி உசத்தியாக முடியும்?

ஒரிஜினல் சான்றிதழ்களை இங்கேயே ஒப்படைக்க வேண்டும், அழகர்கோவில் ரோட்டில் பயிற்சி மையம் இருக்கிறது, பதினொன்றரைக்கு வேன் வரும், இன்றைக்கே சேர வேண்டும் என்றார். என்ன பயிற்சி என்று கேட்டேன். "அங்க வந்தா தெரியும்" என்றாள் மேடம். ஃபைலைத் தர மறுத்துச் சண்டை போடும் தைரியம் எனக்கு இல்லை. "ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து தாரேன் சார்" என்று சொல்லி எழுந்தேன். பேச்சியின் கையைத் தொட்டு "நீயும் வா" என்றேன். அவளுடைய சான்றிதழ்கள் அதற்குள் மேடத்தின் பைக்குள் போய்விட்டன. "நீங்க போயிட்டு வாங்கக்கா" என்றாள்.

சந்து முனையில் ஜெராக்ஸ் கடை, கூடவே எஸ்.டி.டி. பூத். கடையை நடத்திய பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். போனில் யாரிடமோ சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டிருந்தவள், என் சான்றிதழைக் கண்ணாடிமேல் வைத்தபடியே தமிழில் கேட்டாள்:

"லாட்ஜு ரூமுக்கா?"

"ஆமாங்க."

"போன மாசமும் இப்படித்தான் பொண்ணுங்க வந்து ஜெராக்ஸ் எடுத்தாங்க. அதே சஃபாரிக்காரர்தான். அப்ப கம்பெனிக்கு வேற பேரு." மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு நாள் கழிச்சு ஒரு பொண்ணோட அண்ணன்னு ஒருத்தர் வந்து, தங்கச்சி எங்கன்னு கடைகடையா கேட்டுட்டுப் போனாரு. கிடைச்சுச்சா இல்லையான்னு தெரியல. நீங்க திரும்பி மேல போகாதீங்க."

"என்கூட ஒரு பொண்ணு இருக்குங்க."

"அப்ப சீக்கிரம் ஓடுங்க. ரூமுக்குள்ள போகாதீங்க, கீழ நின்னு கூப்பிடுங்க."

ஓடினேன். 11.25 இருக்கும். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வேன் வந்திருந்தது. மூன்று பெண்களும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மேடம் முன் சீட்டில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பேச்சி, எறங்கு. இவங்க போன மாசம் வேற பேருல இருந்தாங்களாம். எறங்கு" என்றேன்.

அவள் எழுந்தாள். பாதி எழுந்து நின்றாள். மேடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அந்தப் பொண்ணு செலக்ட் ஆகலம்மா. அந்த வயித்தெரிச்சல். எறங்குறதுன்னா எறங்கு, சர்டிபிகேட் ஆபீசுக்குப் போயாச்சு, அங்க வந்துதான் வாங்கணும்."

பேச்சி என்னைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். "சர்டிபிகேட் இல்லாம எப்படிக்கா வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். வேன் நகர்ந்தது. அதன் நம்பரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கடைக்கு வந்து, ஜெராக்ஸ் பேப்பரின் பின்புறம் எழுதினேன். அவசரத்தில் எண்கள் கோணலாக விழுந்தன. கடைக்காரப் பெண் அதற்குக் கீழேயே இன்னொரு தரம் தெளிவாக எழுதிக் கொடுத்தாள்.

12.30. பக்கத்துக் காவல் நிலையம். ஏட்டு நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகத்தான் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு நீ என்ன வேணும்?" என்றார். சொந்தம் ஒன்றும் இல்லை, காலையில்தான் பார்த்தேன் என்றேன். "தானா வண்டியில ஏறிப் போயிருக்கு. வீட்டு ஆளுக வந்து எழுதிக் குடுக்கட்டும்மா. வண்டி நம்பரைப் பத்திரமா வச்சுக்க" என்றார். லாட்ஜுக்குத் திரும்பி வந்து வாசலிலிருந்தே விசாரித்தேன். அறை 14 காலி செய்தாகிவிட்டது என்றார் மேனேஜர்.

அப்பா கடைக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, நான் நன்றாக இருக்கிறேன், உசிலம்பட்டி வழியாகச் சுற்றி வருகிறேன் என்று சொன்னேன். 1.30க்கு அரப்பாளையத்தில் பஸ். உசிலம்பட்டி முப்பத்தெட்டு கிலோமீட்டர். வலப்பக்கம் நாகமலை நீளமாகக் கூடவே வந்தது. செக்கானூரணியில் ஏறியவர்கள் நெருக்கித் தள்ளினார்கள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் பசியில்லை. அவள் வீட்டு வாசலில் நின்று முதல் வாக்கியமாக எதைச் சொல்வது என்று மட்டுமே யோசித்துக்கொண்டு வந்தேன். உசிலம்பட்டியில் எழுமலை பஸ் மாறினேன். கிராமத்தில் இறங்கியபோது மணி நாலு.

பேச்சியின் அப்பா பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஓட்டு வீடு, வாசலில் அடுக்கி வைத்த சோளத்தட்டைப் படப்பு. பேச்சியின் அம்மா தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பேச்சியோட கூட்டாளியாத்தா? கல்யாணம் முடிஞ்சிருச்சா? அவ எங்க?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்த அம்மா வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். அண்ணன்காரன் உள்ளேயிருந்து வந்தான். "நீ யாரு? நீதான கூட்டிட்டுப் போன? நீ மட்டும் எப்படித் திரும்பி வந்த?" என்று என்னை நோக்கி வந்தான். கூட்டிப் போகவில்லை என்பது உண்மை. பயப்படாதே என்று சொன்னதும் உண்மை.

அவள் அப்பாதான் அவனைக் கையமர்த்தினார். நெடுநெடுவென்று இருந்தார். "கத்தாதடா. வேலை மெனக்கெட்டு வந்து சொல்லுது அந்தப் புள்ள." என்னிடம், "வண்டி போயி எம்புட்டு நேரம் ஆச்சு தாயி?" என்றார். நாலரை மணி நேரம் என்றேன். வண்டி நம்பர் எழுதிய தாளில் என் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு மகனோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நிலைமையும் இல்லை. 5.20க்கு எழுமலை பஸ் கிடைத்தது. அங்கிருந்து மாறிப் பேரையூர் வந்து சேர்ந்தபோது ஏழு. பஸ் நிலையத்தில் அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஃபைலை வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் அவள் அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வேன் நம்பரை வைத்து டிரைவரைப் பிடித்திருக்கிறார்கள். வேன் அழகர்கோவில் பக்கமே போகவில்லை. வெளி மாவட்டத்தில் ஒரு நூல் மில். உயரமான காம்பவுண்டு, வெளியில் பூட்டிய விடுதி, மூன்று வருடம் முடியாமல் வெளியே விட மாட்டோம் என்ற பேச்சு. போலீசோடு போய் மூன்று பெண்களையும் அழைத்து வந்துவிட்டார்கள். சஃபாரிக்காரரும் மேடமும் அகப்படவில்லை. சான்றிதழ்களும் கிடைக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தாள். விரல் நுனிகளில் நூல் இழை அறுத்த கோடுகள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நான் புறப்படும்வரை எழவில்லை.

"மன்னிச்சிரு பேச்சி. தெரியாம தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றேன்.

"நீங்க சொல்லாட்டியும் போயிருப்பேன்க்கா. வீட்ல இருந்து வெளிய வந்தாப் போதும்னு இருந்துச்சு" என்றாள். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "இப்ப பஸ்ஸு ஏறவே விட மாட்டேங்குறாங்க. ஆவணில அத்தை மகனுக்குப் பேசி முடிச்சிட்டாங்க" என்றாள்.

அவளைவிட நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. கேட்டதும் சந்தேகப்பட ஒரு அப்பா எனக்கு இருந்தார். எங்கே போகிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்ப ஒரு வீடு இருந்தது. அதன் பிறகும் நான் இன்டர்வியூக்களுக்குப் போனேன். முகவரி இல்லாத கடிதங்களைக் கிழித்துப் போட்டேன், ஒரிஜினலை யார் கையிலும் விடவில்லை, இரண்டு தரம் அப்பாவையே கூட்டிக்கொண்டு போனேன். போக முடிந்தது என்பதுதான் எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம். முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு ஊர்கள், ஒரே கரிசல், ஒரே வெயில்.

பஸ் வரும் சத்தம் கேட்டதும் எழுந்தேன். படப்பு வரைக்கும் கூட வந்தாள். அதற்கு மேல் வரவில்லை.

"பேரையூர் பக்கம் ஏதாச்சும் வேலை இருந்தா எனக்கும் சொல்லுங்கக்கா" என்றாள்.

"சொல்றேன்" என்றேன். வாசற்படியிலிருந்து அவள் அண்ணன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். அந்த வீட்டுக்கு வரும் கடிதத்தை அவன்தான் பிரிப்பான்.