எந்தக் கால் முதலில்

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மதாம் ரோசலியின் தம்பி வகுப்பு வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது. "காலையில அக்கா போயிட்டாங்க, மிஸ்யே. இதயம்," என்றார். நாடு விடுதலை பெற்றுப் புதுக்கொடி ஏறி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரே சிரித்துக்கொண்டிருக்கும் நாளில் நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். போர்ட் லூயிஸ் மருத்துவமனையில், முறிந்து கூடிய கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பழக்கியவர் மதாம் ரோசலி. புதுச்சேரியிலிருந்து வந்த தச்சர்களின் வழிவந்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். பேச்செல்லாம் தீவின் கிரியோல் மொழிதான்; தமிழில் ஒன்று முதல் பத்து வரை எண்ணத் தெரியும், அவ்வளவே.

சில வருடங்களுக்கு முன் அடித்த பெரிய புயலன்று, கூரைத் தகரம் பறக்காமலிருக்க ஏறி ஆணி அடித்த புத்திசாலி நான். தகரமும் போயிற்று, இடது முழங்காலும் போயிற்று. கட்டிலில் கிடந்தபடியே, "கால் திரும்பட்டும் முருகா, வருகிற தைப்பூசத்துக்கே காவடி எடுக்கிறேன்," என்று நேர்ந்துகொண்டேன். மாதக்கணக்கில் கிடந்து, மாவுக்கட்டைப் பிரித்தால் கால் முருங்கைக்காய்போல இருந்தது.

நேர்த்திக்கடனைச் சொன்னதும் மதாம் தலையசைத்தார். "இந்த வருஷம் கையில பால்செம்பு போதும். காவடி அடுத்த வருஷம்."

"சாமிக்குக் கொடுத்த வாக்கு, மதாம்."

"உங்க சாமி மலைமேல இருக்கிறவர்தானே? படி ஏற எவ்வளவு நேரமாகும்னு அவருக்குத் தெரியும்."

வாத்தியார் கேட்பாரா? வீட்டில் ஒரு கழியின் இரு முனையிலும் மணல் பைகளைக் கட்டி, தோளில் வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மேடு ஏறினேன். மறுநாள் முழங்கால் பூசணிக்காய். மதாம் அழுத்திப் பார்த்துவிட்டு, "எவ்வளவு மணல்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இனி நடக்கவே மாட்டேனா?" என்றேன்.

"நடப்பீங்க. பா ப்ரெசே, அவசரம் வேண்டாம். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலையிலும் வலிச்சா, முந்தின நாள் செஞ்சது அதிகம். வீங்கினா நிறுத்தணும். தினமும் எழுந்ததும் முழங்காலைத் தொட்டுப் பாத்து எனக்குச் சொல்லுங்க."

முதலிலிருந்து தொடங்கினோம். முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டு. குதிகாலைத் தூக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பிறகு படிக்கட்டு. "ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது நொந்த கால் முதல்ல," என்பார். அந்தத் தைப்பூசத்தில் பால்செம்போடு குன்றின் அடிவாரம்வரை மட்டும் நடந்தேன். மேலே என் மனைவி கொண்டுபோனாள். "முருகன்கிட்டயே வாய்தா வாங்கிட்டாரு வாத்தியாரு," என்று கோயிலில் கேலி செய்தார்கள்.

அடுத்த வருடம் மதாம் காவடியையே மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொன்னார். முதலில் வெறும் மரச்சட்டம். பிறகு தென்னங்குருத்தும் பூவும். பிறகு செம்புகளில் தண்ணீர், வாரத்துக்கு ஒரு குவளை கூடுதலாக. நடைக்கூடத்தில் நான் போய்வரும்போது நோயாளிகள் கட்டிலிலிருந்தே கைதட்டினார்கள்.

விரதம் பத்து நாள், ஒரே வேளை சாப்பாடு என்றதும் மதாம் யோசித்தார். பத்து நாள் கழித்து வந்து, "நானும் இந்தப் பத்து நாள் ஒரு வேளைதான் சாப்பிட்டுப் பாத்தேன். எட்டாம் நாள் மாடிப்படியில எனக்கே முழங்கால் நடுங்குச்சு. அதனால விரதத்துல பயிற்சியைப் பாதியாக் குறைக்கணும்," என்றார். எனக்காக அந்தக் கிறிஸ்தவப் பெண்மணி முருகனுக்கு விரதம் இருந்திருக்கிறார்! அவரிடம் எனக்கு வந்த பக்தி அன்றிலிருந்துதான்.

தைப்பூசத்தன்று கூட்டத்தில் எல்லோரும் காவடியைப் பார்த்தார்கள். அவர் மட்டும் என் முழங்காலையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். கடைசிப் படி ஏறிக் காவடியை இறக்கியதும் எனக்குக் கண்ணீர் பொங்கியது. அவரோ, "நாளைக் காலையில தொட்டுப் பாத்துச் சொல்லுங்க," என்றார். மறுநாள் போய்ச் சொன்னேன். வீக்கம் இல்லை.

நேற்று அடக்கம். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். "உங்க கால், மிஸ்யே?" என்று தம்பி தயங்கினார். "இந்தக் கால் யார் கொடுத்தது?" என்றேன். மாதா கோயில் வாசலில் பதினொரு படிகள். இறங்கும்போது நொந்த கால் முதலில். மனசுக்குள் பத்துவரை எண்ணினேன். பதினோராவது படியை எண்ணாமலே இறங்கினேன். கால் நடுங்கவில்லை.

இன்று காலை எழுந்ததும் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன்.

வீக்கம் இல்லை, மதாம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.